அண்ணிகடையைக் காணவில்லை

அண்ணி: கையை எடு.

கொழுந்தன்: நான் தொடவே இல்லை அண்ணி.

அண்ணி: அப்ப மவுஸ் மேல இருக்கறது யார் கை, உங்க அண்ணன் கையா?

கொழுந்தன்: பழக்கதோஷம்...

அண்ணி: அதுக்குத்தான் வேலை வச்சிருக்கேன். காஜாம்மா, அந்தக் காவலாளி யூனிஃபார்ம் பேன்ட் மூட்டையைத் தூக்கி இவன் பக்கத்துல வைம்மா.

காஜாம்மா: முப்பது பேன்ட் இருக்கு அக்கா. முப்பதும் தம்பிக்கா?

அண்ணி: முதல்ல ஒண்ணு கொடு. வாயைத் திறந்தா இன்னொண்ணு. அடி மடிப்பை மட்டும் பிரிக்கணும் தம்பி. துணி கிழிஞ்சுதோ, கம்பெனிக்காரங்களுக்கு நீதான் பதில் சொல்லணும்.

கொழுந்தன்: அண்ணி, நான் சாஃப்ட்வேர் எழுதறவன்...

காஜாம்மா: ரெண்டு.

கொழுந்தன்: இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!

காஜாம்மா: மூணு.

அண்ணி: இந்த வேகத்துல போனா மத்தியானத்துக்குள்ள மூட்டை காலி. சரி, ஆரம்பிக்கற வரைக்கும் பேசிக்கோ. காஜாம்மா, உன் கையில இவங்க சாஃப்ட்வேர் குழு இந்தச் சோதனைக்குன்னு அனுப்பின தாள் இருக்கே, அதைப் படி.

காஜாம்மா: "இன்ஸ்டால் பண்றவர் இதுக்கு முன்னால எதையும் தானா இன்ஸ்டால் பண்ணினவரா இருக்கக் கூடாது. எழுதினவர் பக்கத்துல உக்காரலாம். பேசக் கூடாது, கை நீட்டக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. சாட்சி ஒருத்தர் நடந்ததை உள்ளபடி எழுதி அனுப்பணும்." சாட்சி நான்.

அண்ணி: நான் எதையாவது இன்ஸ்டால் பண்ணியிருக்கேனா?

கொழுந்தன்: இல்லவே இல்லை. ஒன்பது வருஷம் முன்னால இந்தக் கம்ப்யூட்டர்ல 'வெட்டுப்படம்'ங்கற எங்க சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தது நான். அன்னிலேர்ந்து நீங்க திறக்கறீங்க, அளவு கொடுக்கறீங்க, துணி வெட்டப் படம் எடுக்கறீங்க. அவ்வளவுதான். அதையும் இன்னிக்குக் காலையில வந்து நானே சுத்தமா எடுத்துட்டேன். இப்ப இந்தக் கம்ப்யூட்டருக்கு வெட்டுப்படம்னா என்னன்னே தெரியாது.

அண்ணி: எனக்கு இன்னிக்கு நாலு சட்டை வெட்டணும். ஞாபகம் இருக்கட்டும்.

கொழுந்தன்: அரை மணியில முடிஞ்சுடும் அண்ணி. என் வழிகாட்டியைப் பார்த்து அப்படியே செஞ்சா போதும். பதினாலே பக்கம்.

அண்ணி: பதினாலே பக்கமா? எங்க மாமனார் உயிலே மூணு பக்கம்தான்.

கொழுந்தன்: அண்ணி, விளையாட்டு இல்லை இது. தையல் பள்ளியில நாற்பது பேர் வெட்டுப்படம் வேணும்னு கேக்கறாங்க. 'இலவசமாத்தானே கொடுக்கறீங்க, ஆனா எங்க பொண்ணுங்க வீட்டுல தானா போட்டுக்க முடியுமா?'ன்னு அங்க டீச்சர் ஒரே கேள்வி கேட்டுட்டாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். இன்னிக்கு நீங்க போட்டுட்டா சரி. போட முடியலைன்னா குழுவுல பள்ளிக்கு 'இன்னும் தயாராகலை'ன்னு எழுதிடுவாங்க. என் வழிகாட்டி குப்பைக்குப் போகும். புதுசா வர்றவங்களுக்குப் பதில் சொல்ற பொறுப்பையும் என்கிட்டேர்ந்து பிடுங்கிடுவாங்க.

காஜாம்மா: அந்தப் பொறுப்பு உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமா தம்பி?

கொழுந்தன்: ஒன்பது வருஷமா நான்தானேம்மா பதில் சொல்றேன்.

அண்ணி: சரி. பேச்சு முடிஞ்சுது. நீ பேன்ட்டைப் பிரி. முதல் பக்கம்... நன்றி, நன்றி, நன்றி... பதிமூணு பேருக்கு நன்றி சொல்லியிருக்கான். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. ரெண்டாவது பக்கம், வரலாறு. தாண்டிப் போலாமா?

கொழுந்தன்: க்ஹும்.

அண்ணி: என்ன?

கொழுந்தன்: இருமல்.

காஜாம்மா: அந்த வார்த்தைக்கு நாலாவது பேன்ட். இருமலுக்குத் தண்ணி இருக்கு, குடிங்க.

அண்ணி: நாலாவது பக்கத்துலதான் முதல் படியே வருது. 'இணையதளத்திலிருந்து எளிதாக இறக்கிக் கொள்ளவும்.' சரி, வந்துட்டேன்... இங்க ஆறு இருக்கே. 'உங்கள் இயந்திரத்துக்கு உரியதைத் தேர்ந்தெடுக்கவும்.' காஜாம்மா, என் இயந்திரத்துக்கு எதும்மா?

காஜாம்மா: உங்க இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு ரெண்டு நாள் ஆச்சு அக்கா.

அண்ணி: தம்பி முகம் சிவக்குது பார். மேல இருக்கறதை எடுக்கவா?

கொழுந்தன்: க்ஹும். க்ஹும்.

அண்ணி: அப்ப கீழ இருக்கறது?

கொழுந்தன்: க்ஹும்!

அண்ணி: ஒரு இருமல்னா ஆமாம், ரெண்டுன்னா இல்லை. புரிஞ்சுது.

காஜாம்மா: சாட்சிக்கும் புரிஞ்சுது அக்கா. எழுதிக்கிட்டேன். ஏழு பேன்ட்.

கொழுந்தன்: இருமினதுக்கெல்லாம் கணக்கா?

காஜாம்மா: எட்டு.

அண்ணி: ரெண்டாம் படி. 'பொதியை எளிதாகப் பிரித்து விருப்பமான இடத்தில் வைக்கவும்.' இந்த 'எளிதாக' எங்க வருதோ அங்க நான் மாட்டிக்கறேன். பொதிங்கறது இப்ப வந்துச்சே, அதுதானா? தட்டறேன்... ஆங், திறந்துச்சு. என் விருப்பமான இடம் மேஜை. மேஜையில வச்சாச்சு. மூணாம் படி. 'கருப்புச் சாளரத்தைத் திறந்து கீழுள்ள வரியைத் தட்டச்சு செய்யவும்.' கருப்பு... இதோ. அடேயப்பா, கும்மிருட்டு. வரி... முதல்ல ஒரு டாலர் குறி...

கொழுந்தன்: ஐயோ, டாலரை அடிக்காதீங்க! அது சும்மா!

காஜாம்மா: ஒன்பது, பத்து.

அண்ணி: சும்மாவா? சும்மா எதுக்குப்பா எழுதி வச்சிருக்கே?

கொழுந்தன்: அது அப்படித்தான் போடுவாங்க அண்ணி. 'இங்க ஆரம்பிக்குது'ன்னு அர்த்தம். யாரும் அடிக்க மாட்டாங்க.

அண்ணி: யாருன்னா? உங்க ஆளுங்க அடிக்க மாட்டாங்க. நான் சட்டைத் துணியில சாக்பீஸ்ல கோடு போடறேனே, வாங்கினவங்க அந்தக் கோட்டோடவா போட்டுக்கணும்?

கொழுந்தன்: இதே கேள்வியை ஒரு ஆள் கேட்டான் அண்ணி. அந்த ஆளைப் பத்தி நினைச்சாலே எரிச்சல் வருது.

அண்ணி: பத்து பேன்ட் ஆயிடுச்சு, இன்னும் ரெண்டு போனா என்ன, சொல்லு. யார் அது?

கொழுந்தன்: இணையத்துல எங்க கேள்வி கேக்கற பக்கத்துல 'சுண்டுவிரல்'னு பேர் வச்சுக்கிட்டு ஒருத்தன். நாலு மாசத்துல பதினேழு கடிதம். 'டாலர் எதுக்கு?' 'ஆறுல எது?' 'பிரிக்கறதுன்னா என்ன?' ரிட்டயர் ஆகி வேலைவெட்டி இல்லாம உக்காந்திருக்கற ஆசாமியா இருக்கணும்.

காஜாம்மா: வேலைவெட்டி இல்லாதவர்னு எப்படித் தெரியும்?

கொழுந்தன்: பதினேழு கடிதம் எழுத நேரம் இருக்கே! எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் போட்டேன். வழிகாட்டியைப் படிங்க.

அண்ணி: பதினேழுக்கும் அதே பதிலா?

கொழுந்தன்: பதினாறுக்கு. கடைசிக்கு... கொஞ்சம் கோவமா எழுதிட்டேன். 'சிலருக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது, வேற வேலை பாருங்க'ன்னு.

காஜாம்மா: அப்புறம் எழுதலையா?

கொழுந்தன்: எழுதலை. நிம்மதி.

காஜாம்மா: ம்... பன்னெண்டு பேன்ட். பிரிங்க தம்பி, நூலை இழுக்காதீங்க. தையலை ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டணும்.

அண்ணி: டாலர் இல்லாம அடிச்சாச்சு. ஏதோ ஓடுது... மழை மாதிரி எழுத்து ஓடுது... நின்னுடுச்சு. திட்டலை. அப்ப சரிதானே?

கொழுந்தன்: க்ஹும்!

அண்ணி: சரியாம். நாலாம் படி, இதுதான் கடைசி. 'இப்போது வெட்டுப்படத்தை எளிதாகத் திறக்கவும்.' இவ்வளவுதானா?

கொழுந்தன்: இவ்வளவேதான் அண்ணி! காஜாம்மா, எழுதிக்கோங்க, 'வெற்றிகரமாக முடிந்தது'ன்னு. நாலாம் படியெல்லாம் ஒண்ணுமே இல்லை. தட்டினா திறந்துக்கும். பேன்ட்டை ஓரமா வைக்கறேன், முதுகு போயிடுச்சு...

அண்ணி: திறக்கலை.

கொழுந்தன்: திறக்கும். இன்னொரு தட்டு தட்டுங்க.

அண்ணி: தட்டிட்டேன். ஒரு வரி வருது, இங்கிலீஷ்ல. இரு, எழுத்துக் கூட்டறேன்... ஏ, என், என், ஐ... கே, ஏ, டி, ஏ, ஐ... அன்னி... அண்ணி... அண்ணிகடை? 'அண்ணிகடையைக் காணவில்லை.' டேய் தம்பி, என் கடையைக் காணோமாம்!

கொழுந்தன்: இருக்கணுமே! காலையில கூட இருந்துச்சே!

அண்ணி: எது காலையில இருந்துச்சு?

கொழுந்தன்: ஒண்ணுமில்லை.

அண்ணி: எது தம்பி இருந்துச்சு?

கொழுந்தன்: பதிமூணாவது பேன்ட்டைக் கொடுங்க காஜாம்மா.

அண்ணி: பேன்ட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. என்னைப் பார்த்துப் பேசு. காலையில பழசை எடுக்கறேன்னு வந்தியே, எல்லாத்தையும் எடுத்தியா? இல்லை, எதையாவது விட்டு வச்சியா?

கொழுந்தன்: ...ஒரே ஒரு ஃபோல்டர்.

அண்ணி: அதுக்குப் பேர் அண்ணிகடை.

கொழுந்தன்: ஆமா.

அண்ணி: உள்ள என்ன?

கொழுந்தன்: உங்க அளவு நோட்டு. ஒன்பது வருஷம் முன்னால முதல் முதல்ல இதை எழுதறப்ப எனக்குச் சட்டையைப் பத்தி என்ன தெரியும்? உங்க நோட்டைத்தான் வரி வரியா அடிச்சேன். தோள் இவ்வளவுன்னா கைக்குழி இவ்வளவு, கழுத்து இவ்வளவுன்னா காலர் இவ்வளவு. 'அண்ணிகடை'ன்னு பேர் போட்டு ஒரு ஃபோல்டர்ல வச்சு, படம் போடறதுக்கு முன்னால போய் அதைப் பார்த்துட்டு வான்னு சாஃப்ட்வேருக்குச் சொல்லிட்டேன். அப்புறம்... மறந்துட்டேன்.

அண்ணி: மறந்துட்டேன்னா?

கொழுந்தன்: அந்த ஃபோல்டர் என் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, உங்க கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. குழுவுல நாலு பேருக்கு நானே கையோட போட்டுக் கொடுத்தேன். அதனால எங்க எல்லாருக்கும் ஓடிச்சு. வழிகாட்டியில அதைப் பத்தி ஒரு வரி கிடையாது. வெளியில இருந்து எடுக்கறவங்களுக்கு...

அண்ணி: அவங்க கம்ப்யூட்டர்ல போய் என் கடையைத் தேடியிருக்கு! கடல் தாண்டி எங்கேயோ ஒருத்தன் பாவம், ஆசையா தட்டியிருப்பான், அவனுக்கு அண்ணியும் கிடையாது கடையும் கிடையாது... சிரிக்காதே காஜாம்மா, எனக்கும் சிரிப்பு வருது.

காஜாம்மா: நான் சிரிக்கலை அக்கா. எழுதறேன்.

கொழுந்தன்: எழுதாதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க!

அண்ணி: இது உனக்கு எப்பத் தெரியும்?

கொழுந்தன்: மூணு வாரம் முன்னால. புது லேப்டாப் வாங்கினேன். என் வழிகாட்டியைப் பார்த்து நானே போட்டேன். நாலாம் படியில எனக்கே அந்த வரி வந்துச்சு. அப்படியே உக்காந்துட்டேன் அண்ணி. எத்தனை பேர்... படிக்கத் தெரியலையா, கண்ணு இல்லையான்னு எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்.

அண்ணி: தெரிஞ்ச அன்னிக்கே சரி பண்ண வேண்டியதுதானே? பெரிய வேலையா?

கொழுந்தன்: பத்து நிமிஷம்.

அண்ணி: பத்து நிமிஷ வேலையை வச்சுக்கிட்டு மூணு வாரமா?

கொழுந்தன்: எங்க வழக்கம் அப்படி அண்ணி. ஒரு புள்ளியை மாத்தினாலும், யார் மாத்தினாங்க, எதுக்கு மாத்தினாங்கன்னு எழுதி வைக்கணும். உலகத்துல யார் வேணா படிக்கலாம். ஒளிச்சு வைக்கற இடமே கிடையாது. 'ஒன்பது வருஷமா நான் பண்ணின தப்பு'ன்னு என் பேர்ல, என் கையால எழுதணும். அதான், முதல்ல இந்தப் பரீட்சையைத் தாண்டிடலாம், அப்புறம் வேற பத்து மாத்தத்தோட சேர்த்து நைசா...

அண்ணி: அதனாலதான் என்கிட்ட வந்தியா? ஊர்ல இன்ஸ்டால் பண்ணத் தெரியாத ஆள் நான் ஒருத்தியா? வெளியாளுங்கள்ல என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அண்ணிகடை இருக்குன்னு வந்திருக்கே. அண்ணி மேல பாசம்னு நினைச்சு நான் வடை... சரி விடு, வாயில ஏதாவது வந்துடும்.

கொழுந்தன்: பாசமும் இருக்கு அண்ணி.

அண்ணி: இருக்கட்டும். அந்த நாற்பது பொண்ணுங்க? இன்னிக்கு நான் பாஸ் பண்ணியிருந்தா நாளைக்கு நாற்பது வீட்டுலயும் இதே வரி வந்திருக்கும். நாற்பது பேரும் தனக்குத்தான் மண்டையில ஒண்ணும் ஏறலைன்னு நினைச்சிருப்பாங்க. இல்லையா?

கொழுந்தன்: அதுக்குள்ள சரி பண்ணியிருப்பேன்...

அண்ணி: மூணு வாரமா பண்ணாதவனா?

கொழுந்தன்: நகருங்க அண்ணி. உக்கார இடம் கொடுங்க.

அண்ணி: மவுஸைத் தொடப் போறியா?

கொழுந்தன்: தொடணும். இங்கேயே சரி பண்றேன். உங்க நோட்டை சாஃப்ட்வேருக்கு உள்ளேயே வச்சுடறேன். யாரும் எங்கேயும் தேட வேண்டாம். இன்னொண்ணும் இருக்கு. குழுவுல ஒருத்தர் ஆறு மாசம் முன்னாலேயே ஒரு பொதி செஞ்சு அனுப்பினார். கருப்புச் சாளரம் வேண்டாம், டாலர் வேண்டாம், தட்டினா தானே போட்டுக்கும். 'அப்புறம் பார்க்கறேன்'னு நான்தான் கிடப்புல போட்டேன்.

அண்ணி: ஏன்?

கொழுந்தன்: பதினாலு பக்கம் எழுதினவன் அண்ணி நான். ஒரே தட்டுல முடிஞ்சா அதை யார் படிப்பா?

அண்ணி: அப்படிச் சொல்லு. தையல்காரிகிட்ட சட்டை கேட்டா துணியும் ஊசியும் கொடுத்து, தைக்கறது எப்படின்னு புத்தகமும் கொடுத்து அனுப்பியிருக்கே. வாங்கினவன் அம்மணமா நிக்கறான்.

காஜாம்மா: தம்பி, காரணம் எழுதணும்னு சொன்னீங்களே. எழுதிட்டீங்களா?

கொழுந்தன்: எழுதறேன்மா. 'ஒரு ஃபோல்டர் விடுபட்டதால் சிலருக்குச் சிரமம் ஏற்பட்டிருக்கலாம்...'

அண்ணி: ஏற்பட்டிருக்கலாமா? நேரா எழுது.

கொழுந்தன்: 'தப்பு என்னுடையது. எங்கள் அண்ணி கடையில் மட்டும் ஓடும்படி எழுதிவிட்டு, உலகத்தையே படிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.' போதுமா?

அண்ணி: அழகா இருக்கு. ஒரு 'எளிதாக' கூட இல்லை.

கொழுந்தன்: அந்த ஒரே தட்டுப் பொதியையும் சேர்த்து அனுப்பிட்டேன். அண்ணி, இப்ப தட்டுங்க. ஒரே ஒரு தடவை.

அண்ணி: தட்டிட்டேன்... சுத்துது... அட! என் கட்டம் வந்துடுச்சு! தோள், மார்பு, கைநீளம்... காஜாம்மா, பாரும்மா, ஒரே தட்டு!

காஜாம்மா: பார்த்துட்டேன் அக்கா. நேரம் எழுதிக்கிட்டேன். 'முதல் தடவை தோல்வி. காரணம், எழுதினவர். இரண்டாம் தடவை, நாற்பது நொடி.'

கொழுந்தன்: அப்படியே அனுப்புங்கம்மா. பள்ளிக்கு நானே போன் பண்ணிப் பேசறேன். பொறுப்பைப் பிடுங்கினா பிடுங்கட்டும். ஆனா ஒரு ஆள்கிட்ட மட்டும் நேர்ல போய்ப் பேசணும் போல இருக்கு.

அண்ணி: சுண்டுவிரலா?

கொழுந்தன்: இப்பத்தான் அந்த ஆளோட பதினேழாவது கடிதத்தை முழுசாத் திறந்து படிச்சேன். 'நாலாம் படியில் அண்ணிகடை என்று வருகிறது, அது என்ன?'ன்னு கேட்டிருக்கார். தப்பு எங்கேன்னு விரலை வச்சுக் காட்டியிருக்கார் அண்ணி. முதல் வரியை மட்டும் பார்த்துட்டு, உங்களுக்கு இது சரிப்பட்டு வராதுன்னு எழுதிட்டேன். நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது... இருங்க. காலையில நான் டீ குடிக்கப் போறப்ப அந்த ஃபோல்டர் இருந்துச்சு. திரும்பி வந்தப்ப இல்லை. அதை எடுக்கணும்னா அதுதான் விஷயம்னு தெரிஞ்சிருக்கணும். அண்ணி... நீங்கதான் சுண்டுவிரலா?

அண்ணி: எனக்கு எங்கப்பா அவ்வளவு பொறுமை? நானா இருந்தா முதல் பதிலுக்கே உன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, உங்கண்ணனையும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

கொழுந்தன்: அப்ப யாரு?

அண்ணி: இருக்கற இடம் தெரிஞ்சா மன்னிப்புக் கேப்பியா?

கொழுந்தன்: கால்ல விழுந்து கேப்பேன்.

அண்ணி: அப்ப நீயே சொல்லிடும்மா. இதுக்கு மேல என்னால அடக்க முடியாது.

காஜாம்மா: கால்லயெல்லாம் விழ வேண்டாம் தம்பி, கீழ ஊசி கிடக்கும். வீட்டுல உக்காந்து கட்டிங் கத்துக்கலாம்னு ஆசைப்பட்டேன், காஜா போட்டே இருபது வருஷம் ஓடிடுச்சு. கடையில ஓடறது வீட்டுல ஏன் ஓடலைன்னு, உங்க சாஃப்ட்வேரைத்தான் யார் வேணா திறந்து பார்க்கலாமே, திறந்து ராத்திரி ராத்திரியா ஒவ்வொரு வரியா தேடினேன். அழுகையா வந்துச்சு, ஆனா விடலை, கண்டுபிடிச்சுட்டேன். தப்பு வெளியில வரட்டும்னு அந்த ஃபோல்டரைக் காலையில எடுத்தது நான்தான், அக்காவுக்குத் தெரியும். என் கம்ப்யூட்டரைப் பையில வச்சுக் கொண்டு வந்திருக்கேன். மன்னிப்பெல்லாம் சாயங்காலம் கேட்டுக்கலாம், முதல்ல இதுல ஓடுதான்னு பார்ப்போம், தள்ளி உக்காருங்க.